பெயருக்கு விட்ட இடம்: எகிப்திய மரண மந்திரங்களைப் படிக்க உதவும் மூன்று மின்னிலக்கக் கருவிகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் அச்சகம். அங்கே 26 வருடமாகத் தமிழ் எழுத்துக்கோப்பு என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம் எல்லாம் வரும். எல்லாவற்றையும்விட அவசரமாக வருவது பதினாறாம் நாள் கருமக்கிரியை அழைப்பும் நினைவஞ்சலி அட்டையும்தான். அதற்கென்று பத்துப் பன்னிரண்டு மாதிரிகளைக் கணினியில் தயாராக வைத்திருக்கிறேன். ஓரத்தில் பூ, நடுவில் குத்துவிளக்கு, நான்கு வரிப் பாட்டு, கீழே குடும்பத்தார் பட்டியல். 'அமரர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். குடும்பத்தில் யாராவது ஒருவர் வந்து, தூக்கமில்லாத கண்ணோடு, பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அதை அந்த இடத்தில் தட்டுவது என் வேலை.

இதே வேலையைச் செய்த ஒருவருடைய கையெழுத்தைத் தோ பாயோவில் என் வீட்டுத் திரையில் பார்த்தேன். அவர் எகிப்தியர். எழுதி ஏறக்குறைய 3,250 வருடம் ஆகிறது.

அனி என்ற எழுத்தரோடு புதைக்கப்பட்ட பாப்பிரஸ் சுருள் அது. பாப்பிரஸ் என்றால் நாணலில் செய்த தாள். 1888-ல் வாலிஸ் பட்ஜ் என்பவர் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்காக வாங்கினார். 23 மீட்டருக்கு மேல் நீளம். பட்ஜ் அதை 37 துண்டாக வெட்டினார், அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சுருளின் பல பகுதிகள் யாருக்கென்று தெரியாமலே முன்கூட்டி எழுதி வைக்கப்பட்டவை. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். அனி வாங்கிய பிறகு, அல்லது அவருக்காக வாங்கிய பிறகு, வேறொரு கை அவர் பெயரை அங்கங்கே நிரப்பியிருக்கிறது. சில இடத்தில் பிழையாக எழுதியிருக்கிறது. சில இடத்தில் எழுதவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மை வேறு, எழுத்தின் பருமன் வேறு என்று கண்ணுக்கே தெரிகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

இந்த உரைகளைப் படிக்க மூன்று வருடமாக நான் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். எனக்கு ஆசிரியர் இல்லை, பட்டம் இல்லை, ஜெர்மன் தெரியாது. என்னைப் போல வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு எது உதவும், எது உதவாது என்று சொல்கிறேன்.

ஆரம்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் மரினா பேயில் இருக்கும் கலை அறிவியல் அரும்பொருளகத்துக்கு லண்டனிலிருந்து மம்மிகள் வந்திருந்தன. நெஸ்பெரென்னுப் என்பவர் கார்னக் கோயிலில் கொன்சு தெய்வத்தின் பூசாரி, சுமார் கிமு 800-ஐச் சேர்ந்தவர். அவருடைய உடலைத் துணி பிரிக்காமலே ஊடுகதிர்ப் படமெடுத்து முப்பரிமாணத்தில் காட்டினார்கள். தலையின் பின்பக்கம் ஒரு மண்சட்டி பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது படத்தில் தெரிந்தது. அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். "சட்டிய எடுக்க மறந்துட்டாங்களா, பாவம்" என்றார். அப்புறம் பெட்டிக்கு முன்னால் நின்று, மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துகளைக் காட்டி, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எழுத்தோடே வாழ்கிற மகள் அல்லவா, எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியவில்லை.

2021-ல் அம்மா தவறினார். மண்டாய் தகனச்சாலைக்குப் போய் வந்த மறுநாள் அம்மாவின் அட்டையை நானே கோத்தேன். 'அமரர்' பக்கத்தில் காலி இடம். கை நின்றுவிட்டது. அந்தப் பழைய கேள்வி அப்போதுதான் திரும்ப வந்தது.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது 'தெசாரஸ் லிங்குவே எகிப்தியே'. எகிப்திய மொழியின் சொற்களஞ்சியம் என்று பொருள். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகமும் லைப்சிக்கில் இருக்கும் சாக்சன் அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. 2004-லிருந்து இணையத்தில் இருக்கிறது. 2022 கடைசியில் புதிய வடிவத்தில் வந்தது. காசு கிடையாது. இதன் வேர் இன்னும் பழையது. 1897-ல் அடால்ஃப் எர்மான் தலைமையில் எகிப்திய அகராதி ஒன்றுக்காகச் சீட்டு எழுதத் தொடங்கினார்கள். ஒரு பத்தியைக் கையால் எழுதி, அதைப் பல படிகள் எடுத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்லைக் குறித்து, அந்தச் சொல்லின் பெட்டியில் போடுவார்கள். லட்சக்கணக்கான சீட்டுகள். அவற்றின் படங்களையும் இப்போது இணையத்தில் பார்க்கலாம். பிழை திருத்துகிறவர்கள் எப்படிச் சொல் சொல்லாகக் கண்ணை ஓட்டுவோமோ அப்படி யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஒரு சீட்டைத் திறந்துவிட்டு அதன் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு உண்டு.

வேலை செய்யும் விதம் இது. ஒரு சொல்லைத் தேடினால் அதன் பொருள் வரும், அந்தச் சொல் வரும் வாக்கியங்கள் வரும். ஒரு வாக்கியத்தைத் திறந்தால் ஒலிபெயர்ப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு, மொழிபெயர்ப்பு, பல இடங்களில் மூல எழுத்துகளும் கீழ்க்கீழாக இருக்கும். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து அது வரும் வேறு வாக்கியம், அங்கிருந்து வேறு கல்லறை. கிமு 2350 வாக்கில் உனாஸ் அரசரின் பிரமிடுக்குள் செதுக்கிய மந்திரங்களிலிருந்து, ஆயிரம் வருடம் கழித்து பாப்பிரஸில் எழுதியவை வரை ஒரே நூல் பிடித்துப் போகலாம்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். இறந்தவரோடு வைத்த மந்திரங்களின் தொகுப்பைத்தான் 'இறந்தோர் நூல்' என்கிறோம், அனியின் சுருளும் அதில் ஒரு பிரதி. அதில் 30பி என்ற மந்திரம் இருக்கிறது. 'இறந்தோர் நூல்' என்ற பெயரே 1842-ல் லெப்சியுஸ் என்ற ஜெர்மானியர் வைத்தது. எகிப்தியர்கள் 'பகலில் வெளிவருதல்' என்றார்கள், அதுதான் எனக்கு அழகாகப் படுகிறது. இறந்தவருடைய நெஞ்சைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார்கள். மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத்தின் இறகு. நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் தராசைப் பார்ப்பார், எழுத்தின் தெய்வம் தோத் கணக்கு எழுதுவார், பக்கத்தில் முதலைத் தலையோடு ஒரு விலங்கு காத்திருக்கும். அந்த நேரத்தில் அனி தன் நெஞ்சிடம் பேசுகிறார். அந்தப் பேச்சுதான் 30பி.

முதல் வரியை ஒலித்தால் இப்படி வரும்: "இப்-இ என் முத்-இ, செப் சென்." இங்கே 'என்' என்றால் 'உடைய'. 'என்னுடைய' என்பது கடைசியில் ஒட்டும் 'இ'. முதல் தடவை தமிழ்ப் பழக்கத்தில் தடுமாறித்தான் போனேன். 'இப்' என்றால் நெஞ்சு. அதன் எழுத்து இருபுறமும் சின்னக் காது வைத்த சட்டி போல இருக்கும். 'முத்' என்றால் தாய், எழுத்து பிணந்தின்னிக் கழுகு. "என் தாய் தந்த என் நெஞ்சே." அடுத்து வரும் 'செப் சென்' வரியில் சேராது. 'இரண்டு தடவை' என்று ஓதுகிறவருக்கு எழுதிய குறிப்பு. பாட்டுப் புத்தகத்தில் வரி முடிவில் அடைப்புக்குள் 2 என்று போடுவோமே, அதேதான். இது தெரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டிய உரை இது என்பதற்கு அந்த ஒரு குறிப்பு போதும். 'சொல்ல வேண்டிய சொற்கள்' என்ற பொருளில் ஒரு பாம்பும் ஒரு கைத்தடியும் பத்திகளின் தலையில் அடிக்கடி நிற்கும், 'ஓதுக' என்று நாம் போடுவது போல. எகிப்திய எழுத்தில் நான் முதலில் அடையாளம் கண்டுகொண்டது அந்தப் பாம்பையும் தடியையும்தான்.

அடுத்த வரியில் நெஞ்சுக்கு வேறு சொல் வருகிறது, 'ஹாத்தி'. அதற்குச் சிங்கத்தின் முன்பாதியை எழுதுவார்கள். மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஜெர்மன் சொல்தான் இருக்கும். இந்தக் களஞ்சியத்தில் சொல்லைத் தொட்டுப் பார்த்ததால்தான் இரண்டும் வேறு என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் வருகிறது வேண்டுகோள்: எனக்கு எதிராகச் சாட்சியாய் எழுந்து நிற்காதே, தீர்ப்பவர்கள் முன்னால் என்னை எதிர்க்காதே.

முதலில் இதை 'இதயமே' என்றுதான் என் நோட்டில் எழுதினேன். அடித்துவிட்டு 'நெஞ்சே' என்று மாற்றினேன். தமிழில் உடம்பின் ஓர் உறுப்பிடம் பேசினால் நாம் நெஞ்சிடம்தான் பேசுவோம். திருக்குறளில் 125-ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130-ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். தன் நெஞ்சே தன் பக்கம் நிற்காமல் போகிற வலி அந்த 130-ல் இருக்கிறது. அங்கே அது காதலுக்காக. இங்கே அனிக்கு அது உயிருக்கும் மேலான ஒன்றுக்காக. பொய் சொல்லித் தப்பிக்கிற மந்திரம் என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னை முழுதும் அறிந்த ஒரே சாட்சியிடம் பயந்துபோன ஒரு மனிதர் கைகூப்பி நிற்கிறார். உடலைப் பதப்படுத்தும்போது ஈரல், குடல் எல்லாம் எடுத்தவர்கள், நெஞ்சை மட்டும் உள்ளேயே விட்டு வைத்தார்கள். சாட்சியை வெளியே அனுப்ப முடியாது. அதனால் இந்த மந்திரத்தைப் பச்சைக் கல்லில் செய்த வண்டின் அடியில் செதுக்கி, நெஞ்சுக்கு மேல் வைத்தார்கள்.

தாய் என்ற சொல்லைக் களஞ்சியத்தில் தேடியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ரோமன் எழுத்தில் மூன்று மெய்களைத் தட்டினேன். 'இறத்தல்' வந்து நின்றது. திகைத்துவிட்டேன். உயிரெழுத்தை எழுதாத மொழி என்பதால் தாய்க்கும் சாவுக்கும் அதே மூன்று மெய்கள். மூலத்தில் இரண்டையும் கூடவே வரும் படம் பிரித்துக் காட்டும். தாய்க்குப் பிணந்தின்னிக் கழுகு, சாவுக்குத் தலையில் ரத்தம் வழிய விழும் மனிதன். களஞ்சியத்தின் ஒலிபெயர்ப்பில் பிரித்துக் காட்டுவது ஒரு புள்ளி. பெண்பால் விகுதியான கடைசி எழுத்துக்கு முன்னால் புள்ளி வைத்தால் தாய். வைக்காவிட்டால் சாவு. ஒரு புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தமிழ் கோக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் அந்த இரவு அதற்கு மேல் படிக்கவில்லை.

குறைகள் என்று பார்த்தால், சொற்பொருள்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன, ஆனால் வாக்கிய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில். இணைய மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதை நம்பி மட்டும் போகக் கூடாது. சொல் சொல்லாகத் தொட்டுப் பார்த்தபடியே போக வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஒரு நல்ல விஷயம், உரையை யார் பதிவு செய்தார்கள், எப்போது திருத்தினார்கள் என்பது வாக்கியத்தோடேயே இருக்கும். பெயர் போட்டுப் பொறுப்பு ஏற்கிற வேலையை நான் எப்போதும் மதிப்பேன். இலக்கணம் கொஞ்சமாவது தெரியாமல் இதற்குள் நுழைந்தால் கண் கட்டும். நான் பிராஸ் பாசாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் கார்டினர் எழுதிய எகிப்திய மொழி இலக்கணத்தை 45 வெள்ளிக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். 1927-ல் வந்த நூல், ஆனால் அதன் எழுத்துப் பட்டியலைத்தான் இன்றும் எல்லாக் கருவிகளும் பின்பற்றுகின்றன.

இரண்டாவது, ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய இறந்தோர் நூல் திட்டத்தின் ஆவணக்காப்பகம். இது 2012 முதல் இணையத்தில் இருக்கிறது. இறந்தோர் நூலின் மந்திரங்கள் எழுதிய ஏறக்குறைய 3,000 பொருட்களின் பதிவேடு. பாப்பிரஸ், சவத்துணி, மம்மியைச் சுற்றிய மெல்லிய துணிப்பட்டை எல்லாம் உண்டு. பெரும்பாலும் ஜெர்மன்தான், ஆனால் அட்டவணை என்பதால் நாலு நாளில் பழகிவிடும். ஒவ்வொன்றுக்கும் காலம், இடம், இப்போது எங்கே இருக்கிறது, எந்தெந்த மந்திரம் எழுதியிருக்கிறது என்று இருக்கும். உடையவர் பெயர், பட்டம், தெரிந்தால் தாய் தந்தை பெயரும் இருக்கும். பலவற்றுக்குப் படம் உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை.

முதலில் இதை ஒரு பட்டியல் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். தப்பு. ஒரு மந்திரத்தின் எண்ணைக் கொடுத்தால் அதைத் தன்னோடு எடுத்துப் போனவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் 25-ஐக் கொடுத்துப் பார்த்தேன். மறு உலகில் ஒருவருக்குத் தன் பெயர் மறக்காமல் இருப்பதற்கான மந்திரம் அது. பூசாரி, கோயிலில் பாடிய பெண், கணக்கர், படைவீரர் என்று இத்தனை பேருக்கும் அந்த ஒரு பயம் இருந்திருக்கிறது. பெயர்களைக் கீழே நகர்த்திக்கொண்டே போனேன், வெகுநேரம்.

பெயர் எழுதும் முறையும் இங்கேதான் எனக்குப் புரிந்தது. இறந்தவர் பெயருக்கு முன்னால் 'ஒசைரிஸ்' என்று வரும், ஒசைரிஸ் அனி என்று. இறந்து மீண்ட தெய்வத்தின் பெயர் அது. பெயருக்குப் பின்னால் 'குரல் மெய்யானவர்' என்று வரும். தீர்ப்பில் தேறியவர் என்று பொருள். நான் தினமும் தட்டுகிற 'அமரர்' நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆள் யாரென்று தெரியாத மந்திர ஏடுகளில் பெயர் வரும் இடத்தில் 'இன்னார், இன்னாள் பெற்றவர்' என்று எழுதி வைப்பார்கள். தகப்பன் பெயரைக் கேட்காமல் தாய் பெயரைக் கேட்கிற வழக்கம். நம் அட்டைகளில் பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாக வரும், பெற்றவள் பெயர் வருவது அபூர்வம். இதைப் படித்த பிறகு, வருகிறவர்களிடம் "அவங்க அம்மா பேரையும் போடலாமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். சிலர் யோசித்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசி அடித்து, யாரோ ஒரு பெரியவரிடம் கேட்டுச் சொல்வார்கள்.

மூன்றாவது ஜேசெஷ். எகிப்திய எழுத்துகளைக் கோப்பதற்கான மென்பொருள். செர்ஜ் ரோஸ்மோர்தூக் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது, இலவசம், மூலநிரலும் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படிக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். என் அனுபவத்தில், கையால் கோத்துப் பார்க்காத எழுத்து மனதில் நிற்பதில்லை.

எகிப்திய எழுத்துகள் வரிசையாக ஓடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று எழுத்தை அடுக்கி வைப்பார்கள். வானம் என்ற சொல்லுக்கு 'ப', 'த' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மேலே, அகன்ற வானத்தின் படம் அடியில். ஜேசெஷில் பக்கத்தில் வைக்க நட்சத்திரக் குறி, கீழே வைக்க முக்காற்புள்ளி, அடுத்த கட்டத்துக்குப் போகச் சிறுகோடு. எழுத்தை ஒலியாலும் தட்டலாம், கார்டினர் கொடுத்த எண்ணாலும் தட்டலாம். 1988-ல் வகுத்த குறியீட்டு முறை அது. அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது. கோத்ததைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ எடுத்து வேறு ஆவணத்தில் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கும், அச்சுக்கே போகலாம்.

யூனிகோடில் எகிப்திய எழுத்து 2009-லேயே ஏறிவிட்டது, 1,071 குறிகள். ஆனால் அடுக்கி வைப்பதற்கான கட்டுப்பாட்டுக் குறிகள் 2019-ல்தான் வந்தன. அதுவரை எழுத்துகள் கயிற்றில் காயப்போட்ட துணி மாதிரி ஒரே வரிசையில்தான் நின்றன. 2024-ல் இன்னும் 3,995 குறிகள் சேர்ந்தன. இதைப் படித்தபோது எங்கள் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு விசைப்பலகை. கொம்பை முதலில் தட்ட வேண்டும், எழுத்தை அப்புறம். ஓர் அச்சகத்தில் கோத்தது இன்னோர் அச்சகத்தில் கோழிக் கிறுக்கலாக வரும். 1997-ல் இதே ஊரில் நா. கோவிந்தசாமி முன்நின்று நடத்திய தமிழிணைய மாநாட்டில் பேசியதெல்லாம் இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான். ஒரு மொழியின் எழுத்து கணினிக்குள் சரியாக உட்காருவதற்கு எத்தனை பேர் எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று தெரிந்ததால், ஜேசெஷ் எழுதியவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த மூன்றுக்கும் வருவதற்கு முன்னால் ஒரு கைப்பேசிச் செயலிக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். அக்கா மகன்தான் சொன்னான். "சித்தி, எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க? படம் பிடிச்சா அதுவே மொழிபெயர்த்துடும்." மாதம் 12 வெள்ளி. ஒரு பாப்பிரஸின் படத்தைக் காட்டினேன். உடனே அழகான ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. சூரியன், வெளிச்சம், நித்தியம். படித்தால் மனதுக்கு இதமாக இருந்தது. மூலத்தில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

என்ன நடந்தது என்றால், எகிப்திய எழுத்தில் மனிதரும் பறவையும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். அது பொது விதி. ஆனால் இறந்தோர் நூல் பாப்பிரஸ்கள் பலவற்றில் பத்திகள் தலைகீழ் வரிசையில் ஓடும். முகங்கள் வலப்பக்கம் பார்த்திருக்கும், பத்திகளை மட்டும் இடமிருந்து படிக்க வேண்டும். செயலி பொது விதிப்படி வலப்பக்கப் பத்தியிலிருந்து தொடங்கியிருக்கிறது. அதாவது உரையை முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் படித்திருக்கிறது. பொருள் வராத இடங்களைத் தானாகவே இட்டு நிரப்பியிருக்கிறது. 'எனக்குப் புரியவில்லை' என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அதுதான் என்னை வருத்தியது. இறந்தவர் ஒருவர் தன்னோடு எடுத்துப் போன வார்த்தைகள் அவை. அவர் சொல்லாததை அவர் வாயில் போடக் கூடாது. நினைவஞ்சலி அட்டையில் ஓர் எழுத்துப் பிழை விட்டாலே குடும்பம் எப்படி நோகும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்து எழுத்தர்களும் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று பாருங்கள். பிரமிடுகளின் உள்ளறைகளில் பாம்பு, சிங்கம் போன்ற எழுத்துகளைச் சில நேரம் இரண்டாக வெட்டிச் செதுக்கியிருக்கிறார்கள், மனித உருவுக்குத் தலையை மட்டும் வைத்திருக்கிறார்கள். எழுத்து உயிர்பெற்று உள்ளே படுத்திருப்பவருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாதே என்று. பாப்பிரஸில் சிவப்பு மையில் குறிப்பு எழுதிக்கொண்டு வரும்போது நடுவில் தெய்வத்தின் பெயர் வந்தால், அந்தப் பெயருக்கு மட்டும் கறுப்பு மைக்கு மாறிவிடுவது வழக்கம். சிவப்பு ஆபத்தின் நிறம். ஒரு வரியில் இரண்டு தடவை பேனா மாற்றுவது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை பார்த்துப் பார்த்து எழுதிய உரைக்கு, அதே அளவு பார்த்துப் பார்த்துச் செய்த கருவிதான் பொருந்தும். களஞ்சியம் அப்படிப்பட்டது. அதனால்தான் மூன்றில் அதை முதலில் வைக்கிறேன்.

படங்களுக்குப் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் இணையத் தொகுப்பு போதும். அனியின் பாப்பிரஸ் இஏ 10470 என்ற எண்ணில் இருக்கிறது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குப் படங்களை இறக்கிக்கொள்ளலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: பெரிய திரை வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் முயல வேண்டாம். ஒரே ஒரு மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30பி நீளம் குறைவு, பிரதிகள் ஏராளம். அனியின் படத்தை ஒரு பக்கம், களஞ்சியத்தை மறு பக்கம் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் ஜேசெஷில் கோத்து, கோத்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு அந்தச் சில வரிகளுக்கு நான்கு மாதம் பிடித்தது.

போன மாதத்திலிருந்து நெஸ்பெரென்னுப்பிடம் வந்திருக்கிறேன். அவரும் அதே தொகுப்பில் இருக்கிறார், எண் இஏ 30720. அம்மா கேட்ட எழுத்தை முழுதும் படிக்க இன்னும் நாளாகும். பெயரை மட்டும் பிரித்துவிட்டேன். 'நெஸ்' என்றால் உரியவர். 'பெர்' வீடு. அப்புறம் 'உடைய' என்ற அந்த 'என்'. 'நுப்' என்றால் பொன். பொன் வீட்டுக்கு உரியவர், அம்மா. பெட்டியில் எழுதியிருப்பது அவர் பெயர்.